பஞ்சாயத்துப் பதவிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: வீட்டு ஆதாயம் ஊர்க் கணக்கில் கலக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

2020 ஜனவரி 11-ஆம் தேதி எங்கள் ஊராட்சிக்குத் துணைத் தலைவராகத் தேர்வானேன். பாம்பனுக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் கடலை ஒட்டிய ஊர். அடுத்த ஆண்டு கோடையில் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பதினெட்டு நாள் தண்ணீர் வரவில்லை. ஊர்க் கிணறு உப்பு. ஒரு குடம் 12 ரூபாய்க்குப் போனது. வண்டி வைத்துத் தண்ணீர் அடிப்பது என்று முடிவு செய்தோம். ஊரில் டேங்கர் பூட்டிய டிராக்டர் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் இறால் பண்ணைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் என் கொழுந்தன்.

66 நடை. நடைக்கு 700 ரூபாய். மொத்தம் 46,200. தலைவர் கையெழுத்துப் போட்டார், கீழே நான் போட்டேன். எட்டு மாதம் கழித்து, 'துணைத் தலைவர் தன் வீட்டு வண்டிக்குத் தானே செக் போட்டுக்கொண்டார்' என்று மனு போயிருந்தது. அதற்கு விளக்கம் கொடுத்து முடிக்க ஆறு மாதம் ஆனது. ராமநாதபுரத்துக்குப் பதினான்கு முறை அலைந்தேன். வக்கீல் கட்டணம், நகல், பஸ் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் செலவு. கடைசியில் 46,200 ரூபாயையும் திருப்பிக் கட்டினோம். "மதினி, நான் தண்ணி ஊத்துனது பொய்யா?" என்று கொழுந்தன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர் ஊற்றிய தண்ணீரை ஊரே குடித்தது.

தண்ணீர் வந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. அந்த டிராக்டர் வாங்கும்போது முன்பணத்துக்கு என் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. நகைக்கடன் ரசீது என் பெயரில். ரேஷன் கார்டில் நாங்களும் கொழுந்தனும் ஒரே குடும்பம். விசாரணையில் முதலில் கேட்ட இரண்டு தாள்களும் இவைதான். பதவியில் இருப்பவரின் முடிவால் அவர் வீட்டுக்கே காசு போகும் நிலையை நலமுரண் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்து நிற்க நினைப்பவர்களுக்கும், ஊராட்சிச் செயலராகவோ ஒன்றிய அலுவலகத்திலோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பட்டதை நீங்கள் படவேண்டாம்.

1. முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் கட்டிய வீடு, சம்பந்தி வீடு என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, ஊராட்சியோடு பணம் கொடுக்கல் வாங்கல் வரக்கூடிய எதுவாக இருந்தாலும் குறியுங்கள். எங்கள் கரையில் பெரும்பாலும் இவைதான் வரும்: தண்ணீர் வண்டி, ஜேசிபி, டிப்பர், எலெக்ட்ரிக்கல் கடை, மோட்டார் காயில் கட்டும் பட்டறை, சிமெண்டுக் கடை, பந்தல் மற்றும் மைக் செட், ஜெராக்ஸ் கடை, மீன் ஏலக் கமிஷன், இறால் பண்ணை, ஐஸ் கம்பெனி, உப்பளம், கட்டிக்கொண்டிருக்கும் லாட்ஜ்.

பட்டியலில் பெயர், தொழில் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று போடுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். அந்தத் தொழிலில் உங்கள் பணம், உங்கள் நகை, உங்கள் ஜாமீன் கையெழுத்து, உங்கள் பட்டா ஏதாவது உள்ளே இருக்கிறதா? ஆர்சி புத்தகம் யார் பெயரில், கடன் ரசீது யார் பெயரில், பாகப்பிரிவினை எழுதிப் பதிந்திருக்கிறீர்களா, ரேஷன் கார்டு தனியா சேர்ந்தா என்று பாருங்கள். இந்த நான்கு தாள்களின் நகலையும் எடுத்துப் பட்டியலோடு வையுங்கள்.

எங்கள் ஊரில் நாலு வீடு தாண்டினால் சம்பந்தம் வந்துவிடும். ஊராட்சிகள் சட்டம் கேட்பது, அந்த ஒப்பந்தத்திலோ வேலையிலோ உங்களுக்கு அக்கறை, அதாவது ஆதாயப் பங்கு, உண்டா என்பதை. ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஒரு வேலையை எடுத்தார் என்பதற்காக நீங்கள் நடுங்க வேண்டாம். ஆனால் மூன்றாவது நெடுவரிசையில் ஒரு டிக் விழுந்தால், அதற்குப் பிறகு அது சொந்தக்காரர் தொழில் இல்லை, உங்கள் தொழிலும்தான்.

2. வேட்புமனுவுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் 37-ஆம் பிரிவும் 38-ஆம் பிரிவும் தமிழில் கிடைக்கும். இரண்டையும் நகல் எடுத்து நீங்களே படியுங்கள். யாரோ சொன்னதை நம்பாதீர்கள். ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்திலோ, ஊராட்சிக்காக நடக்கும் வேலையிலோ அக்கறை உள்ளவர் போட்டியிடத் தகுதியில்லை என்பது 37. வென்ற பிறகு அப்படி ஓர் அக்கறையைத் தேடிக்கொண்டால் பதவிக்கே ஆபத்து என்பது 38. கம்பெனியில் வெறும் பங்குதாரராக மட்டும் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. நம் ஊர் ஒப்பந்தக்காரர்களில் அதற்குள் வருகிறவர் குறைவு.

நீங்கள் ஏற்கெனவே சிறு ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவர் என்றால், 'வேலை முடிந்துவிட்டது, பில்தான் வரவேண்டும்' என்று வாயால் சொல்வது உதவாது. வேலை முடிந்ததற்கான சான்று, இறுதி பில் தொகை வந்த வங்கிக் கணக்குப் பக்கம், வைப்புத் தொகை திரும்ப வந்ததற்கான தாள், மூன்றும் கையில் வேண்டும். வைப்புத் தொகை இன்னும் நிலுவையில் இருந்தால் அதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஒன்றிய அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியும் இதே 37-ஆம் பிரிவில்தான் வருகிறது. கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். கடை, படகு கட்டும் கொட்டகை என்று வேறு பெயரில் வரி ஓடினால் அதையும் பாருங்கள்.

பலர் செய்வது ஒன்று உண்டு: வேட்புமனு வாரத்தில் லைசென்ஸை மச்சான் பெயருக்கு மாற்றிவிடுவது. செய்யாதீர்கள். வண்டி உங்கள் வாசலில் நிற்கும், டிரைவருக்குச் சம்பளம் உங்கள் ஜிபேயில் போகும். பெயர் மட்டும் மாறினால், மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டும் கூடச் சேரும். உண்மையாகவே விலகுவதென்றால் விற்றுப் பணம் வாங்குங்கள், பணம் வங்கி வழியாக வரட்டும்.

3. எழுதிக் கொடுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பின்னால் எல்லாமே தேதியில்தான் நிற்கும். தீர்மானத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது உங்களைக் காப்பாற்றும். மனு போன பிறகு எழுதியது விளக்கமாகத்தான் கணக்காகும்.

முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத் தாளில் இரண்டு படி. தலைவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

"இன்றைய கூட்டத்தில் கோடைக்காலக் குடிநீர் விநியோகத்துக்கு வாடகை வண்டி அமர்த்தும் பொருள் விவாதிக்கப்பட உள்ளது. ஊரில் உள்ள டேங்கர்களில் ஒன்று என் கணவரின் தம்பிக்குச் சொந்தமானது. அதற்கான முன்பணத்தில் என் பெயரில் உள்ள நகைக்கடன் தொகையும் அடங்கும். எனவே இப்பொருள் மீதான விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் நான் பங்கேற்கவில்லை. இதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

உறவு என்ன, பணம் எப்படி உள்ளே இருக்கிறது, எந்தப் பொருளில் விலகுகிறீர்கள். இந்த மூன்றும் இருக்க வேண்டும். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று எழுதினால் பயன் இல்லை. உங்கள் படியில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் சண்டை வேண்டாம். அன்றே அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். அந்த ரசீது உங்கள் தேதிக்குச் சாட்சி. ரசீது மை வெயிலில் வெளிறிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள்.

பதவி ஏற்றதும் வீட்டுப் பட்டியலையும் இதேபோல் ஒரு முறை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, புதிதாக ஒரு வண்டியோ கடையோ வந்தால் அப்போதே இன்னொரு முறை.

4. கூட்டத்தில் எழுந்து வெளியே வாருங்கள்

பொதுமக்கள் எல்லோரையும் போலல்லாமல் தனக்கோ தன் கூட்டாளிக்கோ பண ஆதாயம் உள்ள பொருளில், உறுப்பினர் பேசவும் கூடாது வாக்களிக்கவும் கூடாது. இது கூட்ட நடைமுறையில் உள்ளது. தெரு விளக்கு உங்கள் தெருவுக்கும் வருகிறது என்றால் அது ஆதாயம் ஆகாது, ஊருக்கே வருவதுதான். விளக்கு உங்கள் கடையிலிருந்து வருகிறது என்றால் ஆகும்.

விலகுவது என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தாலே மற்ற உறுப்பினர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். எழுந்து வெளியே போங்கள். பொருள் முடிந்த பிறகு உள்ளே வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் 'வார்டு இத்தனாவது உறுப்பினர் இப்பொருளின்போது வெளியேறினார், முடிந்த பின் திரும்பினார்' என்று எழுதச் சொல்லுங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வருகைக் கையெழுத்தைக் கூட்டம் தொடங்கும்போதே வாங்கிவிடுவார்கள். தீர்மானங்களைச் சில ஊர்களில் அடுத்த நாள், சில ஊர்களில் அடுத்த வாரம் எழுதுகிறார்கள். 'அனைவராலும் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற ஒரே வரி எல்லாத் தீர்மானத்துக்கும் கீழே வந்துவிடும். அந்த 'அனைவராலும்' என்ற சொல்லில் நீங்களும் இருக்கிறீர்கள். என் கதையில் அதுதான் நடந்தது. அந்தப் பொருள் வந்தபோது நான் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் நானும் ஆதரித்ததாக இருந்தது. எனவே எழுதி முடித்த பக்கத்தைப் படித்துப் பார்த்து, போனில் படம் எடுத்துவையுங்கள். கோடு போடாமல் விட்ட வெற்றிடம் பக்கத்தின் அடியில் இருந்தால் கோடு போடச் சொல்லுங்கள்.

5. காசோலையும் டிஜிட்டல் சாவியும்

கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். வார்டு உறுப்பினருக்கு 3-ஆவது, 4-ஆவது படிகளோடு வேலை முடிந்துவிடும். துணைத் தலைவருக்கு முடியாது. கூட்டத்தில் வெளியே போய்விட்டு, பிறகு அதே வண்டிக்குக் காசோலையில் கையெழுத்துப் போட்டால் முதலில் செய்ததெல்லாம் வீண். ஊரில் இல்லாதபோது வேறு உறுப்பினருக்கு அதிகாரம் கொடுக்க வழி உண்டு. அது வெளியூர் போனவருக்கான ஏற்பாடு. ஊரில் இருந்துகொண்டே அதைப் பயன்படுத்தினால் கண்துடைப்பாகத்தான் தெரியும்.

அதனால் தலைவர், துணைத் தலைவர் இருவருக்கும் என் கருத்து ஒன்றுதான்: உங்கள் வீட்டு ஆதாயம் கலந்த வண்டி, கடை எதுவும் உங்கள் பதவிக்காலம் முழுக்க ஊராட்சி வேலைக்கு வரவே வேண்டாம். அறிவித்துவிட்டு எடுப்பது என்ற வழி உங்களுக்கு இல்லை. வீட்டில் வருத்தம் வரும். தேர்தலுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் சண்டையாகிவிடும்.

நிதிக் குழு மானியப் பணம் இ-கிராம் ஸ்வராஜ் என்ற இணையதளம் வழியாக, டிஜிட்டல் கையொப்பத்தில் போகிறது. பென் டிரைவ் மாதிரி இருக்கும் சாவி. அதையும் கடவுச்சொல்லையும் செயலரிடமோ கம்ப்யூட்டர் இயக்கும் தம்பியிடமோ கொடுத்துவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கொடுக்காதீர்கள். நீங்கள் பார்க்காத பணத்துக்கும் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும். அந்தத் தளத்தில் ஊராட்சியின் வரவு செலவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களுக்கு எதிராக மனு எழுதுகிறவர் அங்கிருந்துதான் தொடங்குவார். மாதம் ஒரு முறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

அவசரச் செலவு என்றால் விதியெல்லாம் தளர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் இல்லாத ஊரில் டெண்டர் விட்டுப் பதினைந்து நாள் காத்திருக்க முடியாது, அது உண்மை. ஆனால் மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேட்க ஒரு நாள் போதும். ராமநாதபுரத்திலோ உச்சிப்புளியிலோ ஒரு வண்டிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் விலை வாங்கியிருந்தாலே என் ஃபைலில் ஒரு தாள் கூடியிருக்கும். மூன்று விலைப்புள்ளியும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனா மையில் இருந்தால் தணிக்கையில் தூக்கி வெளியே வைப்பார்கள். அப்படியும் ஊர்களில் நடக்கிறது. நடைக்கணக்குச் சீட்டில் வண்டி எண், நேரம், இறக்கிய தெரு, அந்தத் தெருவில் இருவர் கையெழுத்து வேண்டும். இது மட்டும் எங்களிடம் ஒழுங்காக இருந்தது. பொய்க் கணக்கு என்ற குற்றச்சாட்டு நிற்காமல் போனது அதனால்தான்.

பெரிய வேலைகளுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் உள்ளன. 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும். கெடுவைக் குறைத்து உங்களுக்கு வேண்டியவருக்கு மட்டும் தெரியும்படி செய்யச் சொல்லி யாராவது வந்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

6. ஏலம், குத்தகை

எங்கள் பக்கம் சண்டை அதிகம் கிளம்புவது இங்கேதான். மீன் மார்க்கெட் வசூல் உரிமை, ஊரணி மீன், தென்னை மகசூல், சீமைக்கருவேல மரம். காலை ஆறு மணிக்குத் தண்டோரா போட்டு ஏழு மணிக்கு ஏலம் முடிந்துவிட்ட ஊர்கள் உண்டு. கடலுக்குப் போனவர்கள் கரைக்கு வரும் முன்பே முடிந்த ஏலம் அது. தேதி வைக்கும்போது மீனவர்கள் கரையில் இருக்கும் நாளாகப் பாருங்கள். அறிவிப்பு ஒட்டிய இடத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஏலத் தாளில் கேட்டவர்கள் எல்லோருடைய பெயரும் தொகையும் வரட்டும். வென்றவர் பெயரை மட்டும் எழுதும் வழக்கத்தை விடுங்கள்.

நீங்கள் ஏலம் கேட்காதீர்கள், உங்களுக்காக யாரையும் கேட்கவும் விடாதீர்கள். ஒரு சொத்தை வாங்கவோ ஏலம் கேட்கவோ கூடாது என்று சட்டப்படி கட்டுப்பட்ட பொது ஊழியர், தன் பெயரிலோ வேறொருவர் பெயரிலோ கூட்டாகவோ வாங்கினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 203-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. வாங்கிய சொத்தும் போய்விடும். 'வேறொருவர் பெயரில்' என்பது அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

7. வேலைக்கு ஆள், அனுமதிக் கடிதம்

மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் போன்ற இடங்களுக்கு உங்கள் வீட்டு ஆள் மனுச் செய்திருந்தால் 3, 4 படிகளை அப்படியே செய்யுங்கள். சம்பளம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அதே வேலைக்குக் காத்திருக்கும் விதவைப் பெண் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் கட்டடம், இறால் பண்ணை, ரிசார்ட் என்று ஊராட்சியின் ஆட்சேபணை உண்டா இல்லையா என்று கேட்டுத் தாள் வரும்போது, அந்த இடமோ பக்கத்து இடமோ உங்களுடையதா என்று பாருங்கள். பக்கத்து இடம் என்றாலும் சொல்லிவிடுங்கள். சாலை வந்தால் உங்கள் மனையின் விலையும்தானே ஏறும்.

ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகள், மண்டபம், தொண்டி பேரூராட்சிகளுக்குச் சட்டம் வேறு. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறும். பட்டியல், கடிதம், வெளியேறுதல் மூன்றும் அங்கேயும் இதே மாதிரி செய்துவிடுங்கள்.

8. ஊழியராகச் சேர்ந்தவர்களுக்கு

ஒன்றிய அலுவலக அரசு ஊழியர்கள் 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குள் வருகிறார்கள். தனித் தொழில், நெருங்கிய உறவினர் வேலை பார்க்கும் நிறுவனத்தோடு அலுவல் தொடர்பு, அன்பளிப்பு, சொத்து வாங்குவது எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. சேர்ந்த முதல் வாரமே படித்துவிடுங்கள்.

நடைமுறையில் மாட்டுவது சின்னச் சின்ன இடங்களில். ஊராட்சிச் செயலரின் மனைவி பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பார். ஊராட்சியின் நகல் பில் முழுக்க அந்தக் கடை. ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்தான். ஆனால் பன்னிரண்டு மாதச் செலவுச் சீட்டிலும் ஒரே கடையின் முத்திரை இருந்தால், அந்தச் சீட்டுகளை எழுதியதும் அவரே என்றால், மற்ற சீட்டுகளையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் எடுங்கள்.

வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் உங்கள் மைத்துனர் என்றால், 'இந்த வேலையை அளக்க வேறொருவரை நியமிக்கவும்' என்று மேலதிகாரிக்கு ஒரே வரி எழுதிக் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாக 'நீயே பார்த்துக்கோ' என்று சொன்னால், 'தங்கள் வாய்மொழி உத்தரவுப்படி' என்று தேதி போட்டு எழுதி அனுப்பிவிட்டு அளங்கள்.

9. மீறி மனு வந்துவிட்டால்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவாக வரலாம். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன புகாராக வரலாம். உள்ளாட்சி நிதித் தணிக்கையின் ஆட்சேபமாகவும் வரலாம். தலைவர், துணைத் தலைவர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு 205, 206-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டுத்தான் மேலே போவார்கள். அந்த விளக்கம்தான் உங்கள் வாய்ப்பு.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்கே இரண்டு கடிதம்: மனுவின் நகல் கேட்டு ஒன்று, கெடு போதாது என்றால் காரணம் சொல்லி அவகாசம் கேட்டு ஒன்று. அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம்: சம்பந்தப்பட்ட தீர்மானப் பக்கம், செலவுச் சீட்டு, விலைப்புள்ளி, காசோலைப் பதிவு. விண்ணப்பத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணங்களை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். எனக்கு மொத்தம் 96 ரூபாய்தான் ஆனது. ஆனால் பதிலுக்கு 30 நாள் வரை ஆகும். நான் வக்கீல் சொல்லி மூன்று வாரம் கழித்துத்தான் போட்டேன். விளக்கக் கெடு முடிந்த பிறகு நகல் கைக்கு வந்தது. 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அலுவலகம் தெரியாமல் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்கள் மாற்றி அனுப்ப வேண்டும்.

விளக்கத்தில் மனுக் கொடுத்தவரைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம். என் முதல் வரைவில் ஒரு பக்கம் முழுக்க அவருடைய பகையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். வக்கீல் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். உறவு இருந்தால் முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இணைப்பு எண் கொடுங்கள். பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வந்தால் ஊராட்சிக் கணக்கில் வங்கி வழியாகக் கட்டி, செலான் நகலோடு எழுத்தில் தெரிவியுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊராட்சியில் வேறொருவர் இப்படிச் செய்கிறார் என்று நீங்களே புகார் தர வேண்டி வந்தால், ஆட்சியர் அலுவலகம் தவிர, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கிராம சபைகளில் செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அதைவிட எளிது. தொகையை மட்டும் படித்தால், யாருக்குப் போனது என்ற பெயரையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

10. ஃபைல்

பதவி முடிந்த அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். தணிக்கை ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் வரும். அப்போது ஊராட்சி அலமாரியைத் திறக்க உங்களுக்குச் சாவி இருக்காது. உங்கள் அறிவிப்புக் கடிதங்கள், ஒப்புகைகள், தீர்மானப் பக்கங்களின் நகல், நடைக்கணக்குச் சீட்டு நகல் எல்லாம் வீட்டில் ஒரு படி இருக்கட்டும். ஒப்படைத்த பதிவேடுகளின் பட்டியலில் வாங்கியவரின் கையெழுத்தும் அந்த ஃபைலில் இருக்கட்டும். ஸ்டேப்ளர் பின் போடாதீர்கள். நம் கரையின் உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் பின் துருப்பிடித்து, கறை எழுத்தின் மேல் இறங்கிவிடும். என் நடைக்கணக்குச் சீட்டில் மூன்று வண்டி எண்கள் அப்படித்தான் அழிந்தன. மூலையில் ஓட்டை போட்டு நூலால் கட்டி, பாலித்தீன் உறையில் போட்டு, தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள்.